பிரேக் ஆயில் எங்கே போகிறது? - வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

பழைய கார்களின் பிரேக் ஆயில் ஒழுகல் பற்றிச் சேலம், ஏற்காடு பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கடையிலும் பட்டறையிலும் எல்லோரும் 'பிரேக் ஆயில்' என்றே சொல்வதால் நாமும் அப்படியே எழுதுகிறோம். ஆனால் அது எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். தண்ணீரோடு கலந்துவிடும். இந்த ஒரு வித்தியாசம் கீழே பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும்.

என்னிடம் 2004 மாடல் மாருதி 800 இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. பட்டறையில் கேட்டால், "சேலத்து வெயிலுக்கு ஆவியாகும், ஊற்றிக்கொண்டே இருங்கள்" என்கிறார்கள். உண்மையா? - வாசகர், கோரிமேடு

உண்மை இல்லை. சாதாரண பிரேக் ஆயிலான டாட் 3, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஏப்ரல், மே மாதத்து சேலம் வெயிலில் பானெட்டுக்குள் எவ்வளவு சூடேறினாலும், ஆயில் நிற்கும் மூடிய டப்பாவிலிருந்து அது இரண்டு மாதத்தில் காணாமல் போகாது. உண்மையில் நடப்பது தலைகீழ். அது காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆயில் மட்டம் குறைவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு, முன்சக்கர பேட் தேய்மானம். பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்பும். பிஸ்டன் விட்டம் 48 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேடும் தலா 7 மி.மீ. தேய்ந்தால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 25 மில்லி, இரண்டுக்கும் 50 மில்லி. ஆனால் பேட் அவ்வளவு தேயப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். இரண்டே மாதத்தில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை இறங்கி, ஊற்றிய பிறகும் அதே வேகத்தில் இறங்கினால் அது தேய்மானம் அல்ல, ஒழுகல்.

உங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளில் இயங்குவதால் ஒரு சந்தேகம் குறைகிறது. கிளட்சும் ஆயிலில் இயங்கும் சில கார்களில் இரண்டுக்கும் ஒரே டப்பாதான். அங்கே கிளட்ச் சிலிண்டர் ஒழுகுவதைப் பிரேக்கில் தேடி அலைவார்கள்.

இனி தேடும் முறை. டப்பாவையும், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் வெளிப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். கழுவும்போது மூடி இறுக்கமாக இருக்கட்டும், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. சமதரையில் நிறுத்தி, டப்பாவில் ஆயில் நிற்கும் மட்டத்தில் ஒரு காகித டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். நான்கு சக்கரத்துக்கு உள்பக்கமாகவும் மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழேயும் வெள்ளை அட்டை போட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சோடு பைப் போகும் வழி முழுக்கப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஒழுகாத பல ஒழுகல்கள் அழுத்தம் ஏறும்போதுதான் வெளியே தெரியும். பைப் இணைப்புகளைத் துடைத்து உலர்த்தி லேசாக முகப்பவுடர் தூவிவைத்தால், கசியும் இடத்தில் மாவு கருத்து ஈரமாகும்.

ஒரு சொட்டும் கீழே விழவில்லை என்கிறீர்கள். அப்படியானால் சந்தேகம் மூன்று இடங்களுக்குச் சுருங்குகிறது.

முதலாவது பின்சக்கர டிரம். பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கசிந்தால் ஆயில் டிரம்முக்குள் தூசியோடு கலந்து கூழாகிவிடும். வெளியே வருவதற்குள் பல வாரம் ஓடிவிடும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையின் உதட்டை மரக்குச்சியால் மெல்ல நெம்பிப் பாருங்கள். லேசான பிசுபிசுப்பு பரவாயில்லை. உள்ளே தேங்கியிருந்த ஆயில் வழிந்தால் அந்தச் சிலிண்டரின் காலம் முடிந்தது.

இரண்டாவது, எங்கள் அனுபவத்தில் அதிகம் கோட்டைவிடப்படும் இடம், பூஸ்டர். எஞ்சினின் உறிஞ்சு விசையால் பெடல் மிதியை லேசாக்கும் வேக்கும் பூஸ்டர் உங்கள் வண்டியில் இருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின்முனை சீல் கசியும்போது ஆயில் தரைக்கு வராது, நேராகப் பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். போதுமான அளவு சேர்ந்ததும் வேக்கும் ஹோஸ் வழியாக எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். அப்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நினைத்து எஞ்சினைப் பிரித்துவிடுவார்கள். அடையாளம்: மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே பூஸ்டரின் பெயின்ட் பொங்கி உரிந்திருக்கும். உறுதி செய்ய, எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு முறை அழுத்தி வேக்குத்தைத் தீர்த்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றுங்கள். பைப்பைக் கழற்ற வேண்டாம், பைப் வளையாத அளவுக்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் இழுத்தால் போதும். சுருட்டிய வெள்ளைக் காகிதத்தை உள்ளே விட்டு எடுங்கள். கிரீஸ் ஒட்டியிருந்தால் சரி. ஆயிலில் நனைந்து வந்தால் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஆயில் நிறையத் தேங்கியிருந்தால் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் திரையும் கெட்டிருக்கும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பூஸ்டர் இல்லாத வண்டி என்றால், அதே சீலில் கசியும் ஆயில் பெடல் தண்டு வழியாக டிரைவர் பக்கம் உள்ளே இறங்கும். கால் மிதியடிக்குக் கீழே இருக்கும் விரிப்பு எல்லாவற்றையும் குடித்துவிடும். விரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள்.

காரணம் தெரியும் வரை ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள். இன்றைக்குக் கசியும் அதே ரப்பர் நாளைக்கு அவசரமாக ஓங்கி மிதிக்கும் நேரத்தில் மொத்தமாகப் புரண்டுவிடும்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்கு வைத்திருக்கும் பழைய அம்பாசடர். வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் டயர்வரை ஈரமாக இருக்கிறது. அது பிரேக் ஆயிலா, ஆக்சில் ஆயிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரேக் ஆயில் என்றால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா? - வாசகர், ஏற்காடு

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்த ஈரத்தைக் குச்சியில் தொட்டு ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீரில் கரைந்து மறைந்தால் பிரேக் ஆயில். மேலே வானவில் நிறத்தில் படலமாக மிதந்தால் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, கையில் கெட்டியாக ஒட்டும். பிரேக் ஆயில் அதைவிட நீர்த்தது, வழுக்கும். கண்டுபிடிப்பதற்காக நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது நஞ்சு, வேண்டாம்.

மட்டத்தையும் ஒப்பிடுங்கள். பிரேக் டப்பாவில் மட்டம் அசையாமல் இருந்து சக்கரம் மட்டும் நனைந்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கும். அப்படியானால் டிஃபரன்ஷியலில் ஆயில் அளவையும் உடனே பாருங்கள். இரண்டில் எது ஒழுகினாலும் பிரேக் ஷூ நனைந்துவிடுகிறது என்பதால், எதுவானாலும் டிரம் கழற்றும் வேலைதான்.

கழற்றும்போது: முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கைவைக்காதீர்கள். டிரம் வர மறுத்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே வாங்குங்கள். சுத்தியலால் ஓரத்தில் அடித்தால் டிரம் விளிம்பு உடையும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரசர் காற்று அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்துத் துடைத்தெடுங்கள்.

சிலிண்டர் உள்சுவரைத் துடைத்து, நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் சிக்கினால் துருக்குழி விழுந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் புது ரப்பர் கிட் போடுவது பணத்தை வீணாக்குவது. குழியின் விளிம்பு புது கப்பையும் சில வாரத்தில் அறுத்துவிடும், முழு சிலிண்டராக மாற்றுங்கள். குழி இல்லாமல் வெறும் கறை என்றால் மிக நைசான உப்புத்தாளைப் பிரேக் ஆயிலில் நனைத்து, சுற்றுவாக்கில் மட்டும் தேய்த்துக் கழுவி, கிட் போடலாம். நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தாலும் அந்தக் கோடே ஒழுகும் வாய்க்காலாகிவிடும். அலுமினிய சிலிண்டரில் தேய்க்கவே கூடாது.

ஏன் குழி விழுகிறது என்பது உங்கள் ஊருக்கு முக்கியம். ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமுமாகக் காற்றில் எப்போதும் ஈரம். டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் அந்த ஈரத்தை வாங்கும். எஸ்டேட் வண்டி நாட்கணக்கில் நின்றால் கப்பின் உதடு ஒரே இடத்தில் கிடக்கும், அதன் ஓரத்தில் துரு கோடு போடும். அடுத்த முறை மிதிக்கும்போது கப் அந்தத் துருக்கோட்டின் மேல் ஏறி இறங்கும். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியில் சிலிண்டர் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

ஒரு பக்கம் போதுமா என்ற கேள்விக்கு: சிலிண்டர் ஒரு பக்கம் மாற்றலாம், ஆனால் மற்ற பக்கமும் அதே வயது, அதே ஆயில், அதே ஈரம். அங்கேயும் ரப்பர் உறையை நெம்பிப் பார்த்து, சந்தேகம் என்றால் சேர்த்தே மாற்றுங்கள். ஷூவைப் பொறுத்தவரை கேள்வியே இல்லை. ஆயில் குடித்த லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்தாலும் தீயில் காட்டினாலும் சூடேறும்போது உள்ளிருந்து மீண்டும் கசியும். பின்சக்கரம் இரண்டுக்கும் நான்கு ஷூவும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் ஈரச் சாலையில் ஒரு சக்கரம் முந்திப் பிடித்து, வண்டியின் பின்பக்கம் வளைவில் திரும்பிக்கொள்ளும்.

சிலிண்டர் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். உடம்பில் விட்டம் பொறித்திருக்கும், அதே விட்டம்தான் வேண்டும். "கொஞ்சம் பெரிசு, நல்லாப் பிடிக்கும்" என்று கடையில் சொன்னாலும் வாங்காதீர்கள். பின்சக்கரம் அதிகம் பிடித்தால் முன்சக்கரத்துக்கு முந்தி அது பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு கைமுறை. பைப்பைக் கழற்றும் முன், பெடலை மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் சிறு துளையை அதன் கப் மூடிவிடும், டப்பா முழுவதும் தரையில் கொட்டாது. பைப் நட்டுக்குச் சாதாரண ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும். ஆறு பக்கமும் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பானர் இருக்கும் ஆளிடம் வேலையைக் கொடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் திரும்புகையில் மட்டும் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து அணைகிறது. நேர்ச் சாலையில் எரிவதில்லை. வயரிங் கோளாறா? - வாசகர், அஸ்தம்பட்டி

வயரிங்கைப் பிரிப்பதற்கு முன் டப்பாவைப் பாருங்கள். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது, ஆயில் குறைந்தால் அது இறங்கி விளக்கை எரியவைக்கும். மட்டம் கீழ்க்கோட்டை ஒட்டி வந்துவிட்டால் வண்டி முன்னால் சாய்ந்து, பக்கவாட்டிலும் தள்ளப்படும்போது ஆயில் ஒரு மூலைக்கு ஒதுங்கும், மிதவை தாழும். இருபது வளைவும் தாண்டி அடிவாரம் வந்தால் ஆயில் சமமாகி விளக்கு அணைந்துவிடும். மலைப்பாதை உங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கிறது.

உடனே ஊற்றி விளக்கை அணைக்காமல் முதலில் பேட் கனத்தைப் பாருங்கள். லைனிங் 3 மி.மீ.க்குக் கீழே என்றால் மட்டம் குறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பேட் மாற்றி பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மட்டம் தானாக ஏறும். முன்பே மேல்கோடுவரை ஊற்றியிருந்தால் அப்போது பொங்கி வழிந்து பெயின்ட்டைத் தின்னும். பேட் கனமாக இருந்தும் மட்டம் குறைந்திருந்தால் கோரிமேடு வாசகருக்குச் சொன்ன தேடல்தான். ஹேண்ட் பிரேக்குக்கும் இதே விளக்கு என்பதால் லீவர் முழுக்க இறங்கியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போன மாதம் ஐந்து பேரோடு ஏற்காடு போய்த் திரும்பும்போது, அடிவாரம் நெருங்குகையில் பெடல் பஞ்சுபோல் ஆகிக் கீழே போய்விட்டது. ஹேண்ட் பிரேக் போட்டு எப்படியோ நிறுத்தினோம். அரை மணி நேரத்தில் பெடல் பழையபடி ஆகிவிட்டது. மெக்கானிக் பார்த்து, ஒழுகலே இல்லை, எல்லாம் சரி என்கிறார். நம்பலாமா? - வாசகர், அயோத்தியாப்பட்டணம்

ஒழுகல் இல்லை என்பதை நம்பலாம். எல்லாம் சரி என்பதை நம்பக் கூடாது. உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்குச் சற்றுக் கீழே. ஆட்களோடு ஒரு டன் எடையுள்ள கார் அந்த 1,200 மீட்டரை இறங்கும்போது விடும் ஆற்றல், சுமார் 40 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சினும் எதிர்க்காற்றும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் முழுவதும் பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. நியூட்ரலிலோ மேல் கியரிலோ இறங்கினால் பிரேக்கின் பங்கு இன்னும் கூடும்.

டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி தாங்கும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் இந்த அளவு 140 ஆகிவிடலாம். டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்தபின் 155. காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். நீங்கள் மிதித்த மிதி முழுவதும் குமிழியை நசுக்கவே செலவானது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிட்டது. ஆகவே பட்டறையில் எதுவும் தென்படாது. அடுத்த பயணத்தில் மறுபடி நடக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோளாறு உண்டு. பெடல் கல்லுபோல உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், சூட்டில் லைனிங் பிடிமானம் இழந்திருக்கிறது. பெடல் பஞ்சாகி இறங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. நீங்கள் எழுதியது இரண்டாவது வகை.

செய்ய வேண்டியது முழு ஆயில் மாற்றம். டப்பாவில் மட்டும் உறிஞ்சிப் புதிதை ஊற்றினால் பயனில்லை, சூடேறுவது சக்கரத்தில் கிடக்கும் பழைய ஆயில். சக்கரங்களில் ஆயில் வெளியேற்றும் நான்கு நிப்பிளிலும் தெளிவான புது ஆயில் வரும் வரை எடுக்க வேண்டும். சிறிய காருக்குச் சீல் உடைக்காத அரை லிட்டர் டப்பா இரண்டு வாங்கிவைத்தால் தாராளம். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 போடலாம், இரண்டும் ஒரே இனம். வெறும் டாட் 5 என்று அச்சிட்டது சிலிக்கோன், அதை இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது கிளைக்கால்தான். பெயர் ஒட்டியிருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், அச்சைப் படித்து வாங்குங்கள். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீர் சேர்ந்த ஆயிலும் தெளிவாகவே இருக்கும்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து முழுக்க விடுங்கள். விட்ட இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் அணைந்தால் பூஸ்டருக்கு வேக்கும் இல்லை, ஓரிரு மிதிக்குப் பிறகு பெடல் கட்டையாகிவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் தானே நின்றுவிடும், அணைத்து மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளையும், டிரம் வெடிக்கும். ஒதுக்கி நிறுத்தி முதல் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலிருந்து எடுத்து ஓரம் போடுவது பின்னால் இரண்டு சக்கர வண்டியில் வருபவரின் உயிருக்குப் பாதுகாப்பு.

பிரீமியர் பத்மினி காரில் வீல் சிலிண்டர் மாற்றி, பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தார்கள். அன்றைக்கு நன்றாகப் பிடித்தது. மறுநாள் சிக்னலில் அழுத்தி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது. எங்கும் ஒழுகவில்லை, ஆயிலும் குறையவில்லை. - வாசகர், ஆத்தூர்

ஆயில் குறையாமல் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் விட்டுக்கொடுக்கிறது. முன்னறையில் அழுத்தப்பட்ட ஆயில் கப்பைத் தாண்டிப் பின்னால் போய்த் திரும்ப டப்பாவில் சேர்கிறது, வெளியே வருவதில்லை.

ஏர் எடுத்த மறுநாள் இப்படி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏர் எடுத்த விதம். பல வருடம் ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் முதல் பாதித் தூரம் மட்டுமே போய்வரும். அதற்கு அப்பால் சுவரில் துருவும் கசடும் படிந்து சொரசொரப்பாக இருக்கும். ஏர் எடுக்கும்போது நிப்பிள் திறந்திருப்பதால் பெடல் தரைவரை போகும், மென்மையான கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். பழைய வண்டிக்கு ஏர் எடுக்கும்போது பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து, பெடல் பாதித் தூரத்துக்குமேல் போகாமல் தடுக்க வேண்டும். இந்த ஒரு கட்டைத் துண்டு எத்தனையோ மாஸ்டர் சிலிண்டரைக் காப்பாற்றியிருக்கும்.

இப்போது உங்களுக்குப் புது மாஸ்டர் சிலிண்டர்தான் வழி. வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் நிரப்பி, பிஸ்டனைக் கையால் தள்ளித்தள்ளிக் குமிழி நிற்கும் வரை அதன் ஏரை எடுத்துவிடச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு வழக்கமான வரிசை, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குவது. நம் ஊர் வலது ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. மிதி, பிடி, நிப்பிள் திற, மூடு, பிறகு காலை எடு. மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டப்பாவில் ஒரே அறை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே வழியாக நான்கு சக்கரத்துக்கும் ஆயில் போகிறது என்றால் உங்கள் வண்டி ஒற்றைச் சுற்று. இரட்டைச் சுற்று வண்டியில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். ஒற்றைச் சுற்றில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. அத்தகைய வண்டியில் ரப்பர் ஹோஸ்களை வெடிப்பு தெரியும் வரை விட்டுவைக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, உலோகக் கழுத்தை ஒட்டிய இடத்தில் ஹோஸை மடக்கிப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை வெடிப்பு, மிதிக்கும்போது புடைப்பு, இரண்டில் எது இருந்தாலும் எல்லா ஹோஸையும் மாற்றுங்கள்.

பின்னால் போகும் இரும்பு பைப் கிளிப் இடத்தில் துருப்பிடித்துக் கசிகிறது. வெல்டிங் கடையில் பித்தளை வைத்து அடைத்துத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொருவர் ஏசி வேலைக்கு வரும் செம்புக் குழாய் போடலாம் என்கிறார். எது நல்லது? - வாசகர், சூரமங்கலம்

இரண்டும் வேண்டாம். ஓங்கி மிதிக்கும்போது அந்தப் பைப்புக்குள் உண்டாகும் அழுத்தம் டயர் காற்றைப்போலப் பல பத்து மடங்கு. பற்றவைத்த இடம் இன்று தாங்கலாம், அதன் பக்கத்தில் சூடுபட்டு இளகிய இரும்பு நாளை விடும். வெறும் செம்பு அதிர்வில் களைத்து வெடிக்கும். எம்சீல் பூசுவது, ரப்பர் குழாய் சொருகி கிளாம்ப் போடுவது இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

இணைப்பிலிருந்து இணைப்புவரை புதுப் பைப் போட வேண்டும். பிரேக்குக்கென்றே வரும் பூச்சுள்ள இரும்பு பைப் அல்லது செம்பு-நிக்கல் கலவை பைப், பெரும்பாலான கார்களுக்கு வெளிவிட்டம் 4.75 மி.மீ. முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிளக்கும். சில வண்டிகளில் குமிழ் வடிவ முனை வரும். பழைய முனையைப் பார்த்து அதே வடிவம் செய்ய வேண்டும், மாற்றிப் போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கசியும். நட்டின் மரையிலும் இதே கவனம் வேண்டும். 10 மி.மீ. மெட்ரிக் மரையும் பழைய 3/8 அங்குல மரையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு மரையைத் தின்னும். முழுவதும் கை விரலால் ஏறாத நட்டுக்கு ஸ்பானர் போடாதீர்கள். காலிப்பரில் ஹோஸைப் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினால் அதன் இரு பக்கச் செம்பு வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது.

பிரேக் ஆயில் பானெட் ஓரத்தில் சிந்திவிட்டது, பெயின்ட் போகுமா? தவிர, வழியில் குறைந்தால் அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றலாமா? - வாசகர், கன்னங்குறிச்சி

துணியால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், கரைந்து போய்விடும். சில மணி நேரம் விட்டால் பெயின்ட் பொங்கும்.

எஞ்சின் ஆயிலை ஒரு தேக்கரண்டிகூட ஊற்றக் கூடாது. பிரேக் ரப்பர்கள் கனிம எண்ணெயில் பட்டால் உப்பிவிடும். உப்பிய கப் துளையை அடைத்து, பிரேக் பிடித்தது விடாமல் சூடேறும், பிறகு ரப்பர் கூழாகும். பவர் ஸ்டியரிங் ஆயில், பெட்ரோல், டீசல் எல்லாவற்றுக்கும் இதே கதி. யாராவது ஊற்றிவிட்டிருந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். பெடலை மிதிக்காமல் இருந்தால் டப்பாவோடு போகலாம். மிதித்து ஓட்டியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் சீல், ஹோஸ் அனைத்தையும் மாற்றி, இரும்பு பைப்பை ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும்.

ஏற்காட்டில் இருக்கும்போது ஒழுகல் தெரிந்தால், ஆயில் நிரப்பி, ஹேண்ட் பிரேக்கையும் கியரையும் வைத்து மெதுவாகச் சேலம் இறங்கிவிடலாமா? குப்பனூர் வழி பரவாயில்லையா? - வாசகர், செவ்வாய்ப்பேட்டை

எந்த வழியானாலும் 1,200 மீட்டர் இறக்கம் மாறாது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். இறக்கத்தில் எடை பெருமளவு முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு, நான்கைந்து வளைவுக்குள் அதுவும் சூடேறிச் சோரும். கயிறு கட்டி இழுத்துப் போவது இன்னும் ஆபத்து. பின்னால் வரும் வண்டிக்குப் பிரேக் இல்லையென்றால் அது முன்வண்டியில்தான் போய் மோதும். வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி லாரியில் அனுப்புங்கள்.

அதைவிடச் செலவு குறைந்த வழி, அங்கேயே சரிசெய்வது. வீல் சிலிண்டரும் ஹோஸும் கைக்குள் அடங்கும் பொருள்கள். சேலத்தில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவரச் செய்யலாம். வண்டி மாடல், வருடம், எந்தச் சக்கரம், சிலிண்டரில் பொறித்த விட்டம் இவற்றை எழுதி, கழற்றிய பழைய பொருளைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். ஹோஸ் என்றால் இரு முனையின் மரையும் தெரிய வேண்டும். கூடவே அரை லிட்டர் ஆயில் டப்பா, செம்பு வாஷர், நிப்பிளில் மாட்ட ஒரு முழம் கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் டியூப் சேர்த்து வாங்கிவிடச் சொல்லுங்கள். மாட்டி ஏர் எடுத்த பின், எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலை ஒரே அழுத்தத்தில் பிடியுங்கள். இறங்கக் கூடாது. பிறகு மேலேயே சமமான தெருவில் இருபது முப்பது முறை மிதமாக ஓட்டி நிறுத்தி, மாட்டிய இடத்தைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்துக் காய்ந்திருந்தால், இரண்டாவது கியரில் இறங்கலாம்.